கழண்டுக்கிறவ

“காலை எடுங்க, தோன் எலியேசர்! அவ மேலேருந்து காலை எடுங்க!”

கத்திக்கொண்டே உள்ளே பாய்ந்தேன். சுளுக்கெடுக்கிறவர் வீட்டுக் கதவு பகல் முழுக்கத் திறந்துதான் கிடக்கும். முன்னறையில் தரையில் போட்ட மெத்தையில் யுரானி மல்லாந்து கிடந்தாள். என் தங்கை. பதினாறு வயது. பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த தோன் எலியேசர், தன் குதிகாலை அவள் அக்குளில் முட்டுக்கொடுத்து, அவளுடைய இடது மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றியிருந்தார். இழுக்க வேண்டியதுதான் பாக்கி.

“வந்துட்டியா நஸ்லி? ஒரே இழுப்பு. டக்குனு உக்காந்துடும். பார்க்க பயமா இருந்தா அந்தப் பக்கம் திரும்பிக்கோ.”

“இழுத்தீங்கன்னா இந்த நாற்காலி உங்க தலையில உக்காரும்.”

கையில் கிடைத்த பிளாஸ்டிக் நாற்காலியை உண்மையிலேயே தூக்கிவிட்டேன். தூக்கிய வேகத்தில் என் கட்டைவிரல் மூட்டு பாதி நழுவிவிட்டது. வலி முழங்கை வரை ஓடியது. முகத்தில் காட்டவில்லை. காட்டினால் அப்புறம் என்ன மிரட்டல்?

அவர் காலை எடுத்தார்.

இருபது நிமிஷத்துக்கு முன்புவரை நான் என் மேசையில் ஒரு பெரியவருக்கு மனு தட்டிக்கொண்டிருந்தேன். நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் வாசலில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், நான். இந்தக் கொலம்பியாவில் ஸ்கேனுக்கு அனுமதி கிடைக்காதவர்கள், மாத்திரை மறுக்கப்பட்டவர்கள், ஆபரேஷனுக்கு ஏழு மாதம் காத்திருப்பவர்கள் எல்லாரும் கடைசியில் என்னைப் போன்ற ஒருத்தியிடம் வருவார்கள். துத்தேலா எழுதித் தருவோம். என் உடம்புக்கு ஆபத்து, தலையிடுங்கள் என்று நீதிபதிக்கு நேரே எழுதிப்போடும் மனு. வக்கீல் வேண்டாம். பத்து நாளில் பதில் வந்தாக வேண்டும். 

பெரியவரின் சிறுநீரகத்தைப் பற்றி ஐந்தாவது பாராவில் இருந்தபோது டுவான் போன் செய்தான். யுரானியோடு ஜோடியாக ஆடுகிறவன்.

“யுரானிக்குத் தோள் போயிடுச்சு அக்கா. மாஸ்டர் அவளை எலியேசர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாரு. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.”

வாடகை மோட்டார் சைக்கிள் ஒன்றில் ஏறினேன். வண்டி நிற்பதற்குள் குதித்தேன். நான் குதிக்கக் கூடாது. முழங்கால் இரண்டும் பின்பக்கமாக வளைகிற ரகம்.

எனக்கும் யுரானிக்கும் ஒரே வியாதி. எலர்ஸ்-டான்லோஸ் என்று பெயர். மூட்டுகளைக் கட்டிவைக்கிற நார் எல்லாம், நூறு முறை துவைத்த உள்ளாடையின் எலாஸ்டிக் மாதிரி, பிறக்கும்போதே தொளதொளவென்று வந்துவிட்டது. உடம்பு எப்படி வேண்டுமானாலும் வளையும். காலி என்கிற எங்கள் நகரத்தில் அப்படி ஒரு பெண் பிறந்தால் அவளை டாக்டரிடம் கூட்டிப்போக மாட்டார்கள். ஸால்ஸா பள்ளிக்குக் கூட்டிப்போவார்கள்.

என்னையும் அப்படித்தான் கூட்டிப்போனார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இதே அறையில், இதே குதிகாலுக்கு அடியில் நான் கிடந்தேன். டக்கென்று சத்தம் வந்ததும் ஸால்ஸா சொல்லித்தந்த லிபார்தோ மாஸ்டர் கைதட்டினார். அந்த இழுப்பில் தோள் குழியின் விளிம்பு கிழிந்திருக்கிறது என்று எட்டு வருஷம் கழித்து ஒரு டாக்டர் ஸ்கேனைப் பார்த்துச் சொன்னார். அதற்கு முந்தைய டாக்டர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். கையை உயர்த்து, குனி, தரையைத் தொடு. அட, உள்ளங்கையே படுதே! இவ்ளோ நல்லா வளையற உடம்புல என்னம்மா வலி? மனசைத் தேத்திக்கோ. இப்போது எனக்கு முப்பத்தொன்று. இடது கையால் தலை வாரிக்கொள்ள முடியாது.

யுரானிக்கு அது வரக் கூடாது. இந்த உலகத்தில் நான் கேட்பது அது ஒன்றுதான். போன மாதம் அதே டாக்டர் அவள் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: “நாலஞ்சு தடவை கழன்றால் தைக்க வேண்டிவரும். ஆனால் இந்த நாரில் தையல் நிற்காது.”

இது மூன்றாவது தடவை.

“மேசையில ஏறு,” என்றேன் யுரானியிடம். “கவுந்து படு. கையைக் கீழ தொங்கவிடு.”

தோன் எலியேசர் ஆட்களைத் தடவிவிடும் உயரமான மரமேசை சுவரோரம் இருந்தது. மேலே, அவர் கையால் குணமான கால்பந்து ஆட்டக்காரர்களின் படங்கள். அறை முழுக்க மெந்தால் நெடி. அவருடைய சமையலறையிலிருந்து இரண்டு கிலோ அரிசிப் பையை நானே எடுத்து வந்து, என் கழுத்துத் துணியால் அவள் மணிக்கட்டில் மெத்தெனக் கட்டித் தொங்கவிட்டேன்.

“விரல் மரத்திருக்கா?”

“இல்ல.”

“அசை.”

அசைத்தாள். இருபது நிமிஷம். அதற்குள் தசை தளர்ந்து மூட்டு தானாகத் திரும்பிவிடும். திரும்பாவிட்டாலோ விரல் மரத்தாலோ ஆஸ்பத்திரி. இந்த இருபது நிமிஷமும் அவள் உடம்பு விறைக்கவே கூடாது. பயந்தால் விறைக்கும். சிரித்தாலும் விறைக்கும். பக்கத்தில் யாராவது கத்தினால் கட்டாயம் விறைக்கும்.

என் தொண்டை வரை நின்றிருந்த கத்தல் முழுவதையும் நான் முணுமுணுப்பாக வெளியே விட வேண்டியிருந்தது.

லிபார்தோ மாஸ்டர் ஜன்னலோரம் நின்றிருந்தார். வெள்ளைப் பேண்ட், கழுத்தில் விசில், ஐம்பத்தைந்து வயதிலும் கத்தி மாதிரி இடுப்பு. வாசற்படியில் டுவான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

“காற்றாடியா?” என்றேன், யாரோ தூங்குகிற வீட்டில் பேசுகிற குரலில்.

“காற்றாடிதான்,” என்றார் அவரும் அதே குரலில்.

ஜோடி ஆட்டத்தின் கடைசியில் வருவது. ஆண் தன் ஒரு கையால் பெண்ணின் ஒரு மணிக்கட்டைப் பிடித்து, தலைக்கு மேல் இரண்டு சுற்று சுற்றி, மூன்றாவதில் விட்டுப் பிடிப்பான். கூட்டம் எழுந்து நிற்கும். நானும் சுற்றியிருக்கிறேன்.

“மார்ச் மாசம் உங்க கையில ஒரு பேப்பர் குடுத்தேன். டாக்டர் கையெழுத்து போட்டது. ஒரு கையில தொங்கவிடக் கூடாது, இழுக்கக் கூடாது, வலின்னா அந்த நிமிஷமே நிறுத்தணும். குடுத்தேனா இல்லையா?”

“குடுத்தே மிஹா. அதை லேமினேட் பண்ணி வெச்சிருக்கேன்.”

“எங்க?”

“டிராயர்ல.”

“மிஹான்னு கூப்பிடாதீங்க. நான் உங்களுக்கு மகளும் இல்ல, மண்ணும் இல்ல.”

“அக்கா,” என்றது மேசை மேலிருந்து ஒரு குரல். “மூக்கு அரிக்குது.”

சொறிந்துவிட்டேன். தோன் எலியேசர் தொங்கும் அரிசிப் பையை அவமானத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் ஜன்னலை விட்டு நகர்ந்து என் காதருகே வந்தார். “நாலு நாள்ல ஃபேரியா திருவிழா ஊர்வலம். இருபத்தஞ்சாம் தேதி, டிவியில, நாடே பார்க்கும். நாலு வருஷமா பின்னால நின்னு தூசி தின்னோம். இந்த வருஷம் முன்வரிசை குடுத்திருக்கான். நாற்பது பிள்ளைங்க நஸ்லி. பாதிப் பேருக்கு நான் இல்லேன்னா தெருதான். உன் தங்கை ஒருத்திக்காக அத்தனை பேரையும் பின்னாடி தள்ளவா?”

“காற்றாடி இல்லாம முன்வரிசையில ஆடுங்க.”

“காற்றாடிக்குத்தான் முன்வரிசை.”

“அப்ப எலும்பு கெட்டியா இருக்கற ஒருத்தியைச் சுத்துங்க.”

“எவளைச் சுத்தினாலும் கரும்புக் கட்டைச் சுத்தின மாதிரி இருக்கு. இவளைச் சுத்தினா பட்டுத்துணி. இது ஆண்டவன் குடுத்த உடம்பு. உனக்கும்தான் குடுத்தான். நீ போய் ஜெராக்ஸ் கடையில உக்காந்துட்டே.”

பல்லைக் கடித்தேன். கடிக்கக் கூடாது, தாடை மூட்டும் அதே ரகம். விட்டேன்.

“மாஸ்டர், நான் உக்காரல. உக்கார வெச்சீங்க. நீங்களும், இதோ இந்தக் குதிகாலும்.”

தோன் எலியேசர் தன் குதிகாலை மெதுவாக மறு காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“சரி, நான் ஒண்ணு கேக்கறேன்,” என்றார் மாஸ்டர். “மூணு வாரத்துல மூணு தடவை. மூணும் காற்றாடி ஒத்திகை அன்னிக்கு. காலையில சூடு பண்ணும்போது வர்றதில்ல. கால்வேலை பண்ணும்போது வர்றதில்ல. காற்றாடின்னு நான் வாயைத் திறந்ததும் வந்துடுது. இதுக்கு என்ன அர்த்தம்? தோள் கழலல. பொண்ணு கழண்டுக்கிறா.”

எங்கள் ஊர்ப் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல். மூட்டு தன் குழியை விட்டு வந்தாலும் கழல்வதுதான். வேலையிலிருந்து ஆள் நைசாக நழுவினாலும் கழல்வதுதான். என் பத்தொன்பது வயதில் ஸால்ஸா பள்ளி முழுக்க எனக்கு அதுதான் பட்டப்பெயர். நான் நடந்து வந்தால் பின்னாலிருந்து யாராவது ராகம் போட்டுச் சொல்வார்கள்: கழண்டுக்கிறவ, கழண்டுக்கிறவ.

அந்த நிமிஷம் நான் கத்தியிருக்க வேண்டும். நாற்காலியை இந்த முறை வீசியிருக்க வேண்டும். யுரானியின் முதுகைப் பார்த்தேன். சட்டைக்குள் தசை இறுகுவது தெரிந்தது. குனிந்து அவள் முதுகில் கை வைத்தேன். “மூச்சை விடு. விடு. அரிசி மாதிரி கனமா தொங்கு.” அப்படியே, அதே தாலாட்டுக் குரலில், தலையைத் திருப்பாமல் மாஸ்டரிடம் சொன்னேன்:

“ஒரு கையில அம்பது கிலோவைக் கட்டிச் சுத்தினா அது சுத்தறப்பதான்யா கழலும். பல் விளக்கும்போதா கழலும்? உங்க மூளைக்கு விசில் ஊத மட்டும்தான் தெரியுமா? இவ பொய் சொல்றான்னு இன்னொரு தடவை சொன்னீங்கன்னா, இந்த அரிசிப் பையை அவிழ்த்து உங்க வாயில கட்டுவேன்.”

மேசையில் முகத்தை அழுத்தி யுரானி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “சிரிக்காதே,” என்றேன்.

வாசற்படியிலிருந்து டுவான் வாயைத் திறந்தான். “அக்கா, உண்மையில நான் இன்னும் அவ கையைப் பிடிக்கவே...”

“நீ வாயை மூடு. உனக்கு அப்புறம் இருக்கு.”

மூடிக்கொண்டான்.

பதினேழாவது நிமிஷம் இருக்கும். யுரானி ஒரு நீண்ட மூச்சு விட்டாள். தோளின் முனையில் இருந்த பள்ளம், யாரோ உள்ளிருந்து கதவைச் சாத்தியதுபோல, மெதுவாக மூடிக்கொண்டது. தொட்டுப் பார்த்தேன். உருண்டையாக இருந்தது.

“முடிஞ்சுதா?” என்றார் தோன் எலியேசர். “சத்தமே வரலியே?”

“வராது.”

“சத்தம் வராத வைத்தியத்துக்கு எவன் வருவான்?” என்று முணுமுணுத்தபடி தன் அரிசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

கழுத்துத் துணியால் அவள் கையை மார்போடு சேர்த்துக் கட்டினேன். இனிமேல் குரலை உயர்த்தலாம். உயர்த்தினேன்.

“இவ இனிமே வரமாட்டா மாஸ்டர். காற்றாடிக்கும் வரமாட்டா, கழுதைக்கும் வரமாட்டா.”

மாஸ்டர் போனை எடுத்து ஒரு குரல் செய்தியைத் தட்டினார். என் அம்மாவின் குரல் அறையை நிறைத்தது. அம்மா மாட்ரிட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள், ஆறு வருஷமாக.

“மாஸ்டர், நான் எடில்மா பேசறேன். சம்மதப் பேப்பர்ல கையெழுத்து போட்டு அனுப்பிட்டேன், வந்துதா? என் ராணியை முன்னாடி நிறுத்துங்க. இங்க இருக்கற பாட்டிங்க எல்லாரையும் டிவி முன்னால உக்கார வெச்சுடுவேன், இதோ சுத்தறாளே அவ என் பொண்ணுன்னு காட்டுவேன். நஸ்லி எதாவது சொன்னா காதுல போட்டுக்காதீங்க. பயந்து பயந்தே தன் வாழ்க்கையைக் கெடுத்துக்கிட்டா அவ.”

செய்தி முடிந்தது. வெளியே யாரோ சோந்தாதுரோ பழம் விற்றுக்கொண்டு போனாள்.

“பெத்தவ கையெழுத்து,” என்றார் மாஸ்டர். “நீ வெறும் அக்கா. ரெண்டு நாள் ரெஸ்ட் எடுக்கட்டும். இருபத்திமூணு காலையில ஏழு மணிக்கு கடைசி ஒத்திகை. வரலேன்னா எடில்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.”

“அதுக்கு முன்னாடி நீங்க நீதிபதிக்குப் பதில் சொல்வீங்க. துத்தேலா போடறேன்.”

சிரித்தார். “இந்த ஊர்ல கொசு கடிச்சாலும் துத்தேலா. காதலன் போன் எடுக்கலேன்னாலும் துத்தேலா. போடு மிஹா, போடு.”

பிற்பகல் மூன்று மணிக்கு என் மேசையில் உட்கார்ந்தேன். சிறுநீரகப் பெரியவர் தன் பையை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் காத்திருந்தார். அவர் மனுவை முதலில் முடித்தேன். அவருக்கும் நாள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தது. அவர் போனதும் யுரானியைப் பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்து, கட்டிய கைக்குக் கீழே என் பையை முட்டுக்கொடுத்தேன். விரல் மூட்டுகளுக்கு ஸ்டீல் வளையங்களை மாட்டிக்கொண்டேன். அவை இல்லாமல் தட்டினால் நாலாவது பாராவில் விரல்கள் பின்பக்கமாக மடங்கிவிடும்.

டிசம்பர் இருபதோடு நீதிமன்றங்களுக்கு விடுமுறை. ஆனால் துத்தேலாவுக்கு மட்டும் ஒரு நீதிபதி எப்போதும் இருப்பார். அவசரமென்றால் தீர்ப்புக்குக் காத்திராமல் அன்றைக்கே ‘நிறுத்து’ என்று உத்தரவு போடலாம். அம்மாவின் கையெழுத்தும் அப்போது செல்லாது. ஐந்து மணிக்குள் இணையத்தில் ஏற்றினால் இன்றைய தேதி விழும்.

வெறியோடு தட்டினேன். ஒவ்வொரு எழுத்திலும் மாஸ்டரின் விசில் இருந்தது.

“முதலாவது: என் தங்கைக்கு, மூட்டுகளைப் பிணைக்கும் நார் பிறவியிலேயே பலவீனமாக உள்ள நோய் உறுதி செய்யப்பட்டிருக்கிறது. இரண்டாவது: மார்ச் மாதமே பயிற்சியாளருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை தரப்பட்டது, அவர் அதை டிராயரில் வைத்தார்.” டிராயரில் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டேன். “மூன்றாவது: டிசம்பர் 3, 11, 21 ஆகிய தேதிகளில், தடைசெய்யப்பட்ட அந்த அசைவின்போது, சிறுமியின் இடது தோள் கழன்றது.”

“நல்லா இருக்கா?” என்றேன்.

யுரானி திரையைப் படித்தாள். 

“கடைசியில சத்தியம் பண்ணணும். இதெல்லாம் உண்மைன்னு. பொய்யா இருந்தா நான் கம்பி எண்ணணும். அதனால விவரமாச் சொல்லு. இன்னிக்கு டுவான் எந்தப் பக்கமா இழுத்தான்? மேலயா, பக்கவாட்டுலயா?”

“அவன் இழுக்கல.”

“அவனைக் காப்பாத்தாதே.”

“காப்பாத்தல அக்கா. அவன் என்னைப் பிடிக்கவே இல்ல. தண்ணி குடிச்சுட்டு இருந்தான்.”

“அப்ப மாஸ்டர்! மாஸ்டர் கை வெச்சாரா?” என் விரல்கள் ஏற்கனவே ‘பயிற்சியாளர் தாமே’ என்று தட்டிவிட்டன. “எப்படிப் பிடிச்சார்? அடிச்சாரா? சொல்லு, இன்னிக்கு அந்தாளை...”

“நீ கேக்கவே மாட்டேங்கறே. தட்டிக்கிட்டே இருக்கே.”

கையை எடுத்தேன். கடைக்குள் ஜெராக்ஸ் மெஷின் யாருக்கோ எழுபது பக்கம் துப்பிக்கொண்டிருந்தது.

“ஒண்ணாம் தேதி மாஸ்டர்கிட்ட சொன்னேன்,” என்றாள். “ஆடறேன் மாஸ்டர், எல்லாம் ஆடறேன், காற்றாடி மட்டும் வேண்டாம், சுத்தி முடிச்சா ராத்திரி பூரா தோள்ல நெருப்பு வெச்ச மாதிரி இருக்குன்னு. கழண்டுக்கிறியான்னு கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. அம்மாகிட்ட சொன்னேன். நஸ்லி உனக்கும் பயத்தை ஏத்திட்டாளான்னா.”

“என்கிட்ட சொல்லியிருக்கணும் நீ!” மேசையில் அறைந்தேன். “இந்த ஊர்ல உன்னை நம்பற ஒரே ஆள் நான். எனக்கும் இதே உடம்பு. என்கிட்ட வந்து சொல்லாம...”

“சொன்னேன்.”

“எப்ப?”

“ரெண்டாம் தேதி காலையில. நீ முழங்காலுக்குப் பட்டை கட்டிட்டு இருந்தே. வலிக்குது அக்கான்னேன். ரப்பர் பட்டை பயிற்சி பண்ணியான்னு கேட்டே. பண்ணினேன்னேன். எந்தப் பக்கம் படுத்தேன்னு கேட்டே. வலது பக்கம், தலையணை வெச்சுன்னேன். பையை எந்தத் தோள்ல மாட்டினேன்னு கேட்டே. முதுகுல மாட்டறதுன்னேன். ஃப்ரிட்ஜ் கதவுல நீ ஒட்டி வெச்சிருக்கற அத்தனையும் நான் பண்ணிட்டுதான் இருந்தேன். நீ என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, ‘அப்ப வலிக்கக் கூடாதே’ன்னே.”

நினைவு வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. பட்டையின் கொக்கி மாட்டவில்லை. ஆமாம், சொன்னேன். எட்டு வருஷம் எனக்கு எதிரே உட்கார்ந்து டாக்டர்கள் சொன்னதையே, பட்டையை இறுக்கிக்கொண்டே, அவர்கள் சொன்ன அதே தொனியில் சொன்னேன்.

காலையிலிருந்து யார் யார் மேலோ வைத்திருந்த கோபம் அப்படியே என் பக்கம் திரும்பி நின்றது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

“யுரானி...”

“இரு, முடிச்சுக்கறேன். அதுக்கு மறுநாள்தான் முதல் தடவை. மூணாம் தேதி. பள்ளம் விழுந்து தொங்கின தோளை எல்லாரும் பார்த்தாங்க. யாரும் சிரிக்கல. நீ வேலையை விட்டுட்டு வண்டி பிடிச்சு ஓடி வந்தே. மாஸ்டரைக் கிழி கிழின்னு கிழிச்சே. காற்றாடி ஒரு வாரம் நின்னுது. பதினொண்ணாம் தேதியும் அப்படித்தான். வலிக்குதுன்னா யாரும் நிறுத்தல அக்கா. கழண்டாதான் நிறுத்துறீங்க.”

“இன்னிக்கோட நிறுத்திடலாம். அதுக்குத்தானே இதை எழுதறேன்? இதோ, இன்னும் ரெண்டே பாரா, சத்தியம், கையெழுத்து...”

“அதான் சொல்றேன். அந்த மூணாவது பாராவைத் திருத்து.”

“தேதி தப்பா?”

“தேதி சரி. ‘தோள் கழன்றது’ன்னு போட்டிருக்கே பாரு, அது தப்பு.”

“பின்னே?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. திரையில் மினுங்கிக்கொண்டிருந்த கோட்டையே பார்த்தாள்.

“அது கழலல அக்கா. மூணு தடவையும் நான்தான் கழட்டினேன்.”